திருநாளுக்கு முந்திய நான்கு வாரங்கள்

நவம்பர் மாதம் முடிவதற்குள் பெங்களூரு சிவாஜிநகர்க் கடைகளில் காகித நட்சத்திரங்கள் தொங்கத் தொடங்கிவிடும். குடிலுக்கான சுரூபங்களும், வண்ண விளக்குச் சரங்களும், பஞ்சுத் தாடி வைத்த கிறிஸ்துமஸ் தாத்தா பொம்மைகளும் நடைபாதை வரை வந்துவிடும். அதே நாட்களில் இங்குள்ள கத்தோலிக்கத் தமிழ்க் குடும்பங்களில் ஒரு பேச்சும் தொடங்கிவிடுகிறது. "இந்த வருஷமாவது ஊருக்குப் போகிறோமா?" என்று மனைவி கேட்கிறாள். "லீவு கிடைக்கிறதா, பார்ப்போம்" என்று கணவன் சொல்கிறான். கேள்வியும் பழையது, பதிலும் பழையது.

பதிலில் பொய் இல்லை. கிறிஸ்துமசுக்கு விடுமுறை ஒரே ஒரு நாள். 24-ந் தேதி மாலை வரை கணக்குப் பார்க்க வேண்டிய குமாஸ்தா, 26-ந் தேதி காலையில் மறுபடியும் தன் மேசைக்கு வந்தாக வேண்டும். மருத்துவமனை ஊழியருக்கும், காவலாளிக்கும், ஷிப்டு தொழிலாளிக்கும் அந்த ஒரு நாளும் நிச்சயமில்லை. ரயில் முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1 முதல் 120 நாட்களிலிருந்து 60 நாட்களாகக் குறைக்கப்பட்டது. டிசம்பர் 23-ந் தேதிப் பயணத்துக்கு அக்டோபர் கடைசி வாரத்தில் பதிவு தொடங்குகிறது. லீவு உண்டா, இல்லையா என்று மேலதிகாரி வாய் திறப்பதற்குள் நாகர்கோவிலுக்கும் தூத்துக்குடிக்கும் போகும் ரயில்களில் இடம் தீர்ந்துவிடுகிறது. ஆம்னி பேருந்துகளின் பண்டிகைக் காலக் கட்டணமோ நான்கு பேர் கொண்ட குடும்பம் தாங்கக் கூடியதல்ல. ஆகவே, பலர் இங்கேயே தங்கிவிடுகிறார்கள்.

தங்குவதில் தவறில்லை. தங்குகிறவர்களின் மனத்தில் புகுந்துகொள்ளும் ஒரு எண்ணம்தான் தவறானது. "பண்டிகை என்றால் ஊரில்தான், இங்கே என்ன இருக்கிறது?" என்பதே அந்த எண்ணம். சில வீடுகளில் இது சோர்வாக வெளிப்படுகிறது. ஒரு நள்ளிரவுப் பூசை, ஒரு வேளை பிரியாணி, ஊருக்கு ஒரு தொலைபேசி. அத்தோடு திருநாள் முடிந்தது. வேறு சில வீடுகளில் இதே எண்ணம் செலவாக வெளிப்படுகிறது. ஊருக்குப் போக முடியாத குறையைக் கடன் வாங்கிய பணத்தால் மூடப் பார்க்கிறார்கள். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. கிறிஸ்துமஸ் என்பது டிசம்பர் 25 என்ற ஒரு தேதி மட்டுமே என்று நினைப்பதால் வரும் வினை இது.

திருச்சபையின் நாட்காட்டி அப்படிச் சொல்லவில்லை. கிறிஸ்துமசுக்கு முந்திய நான்காவது ஞாயிற்றுக்கிழமையன்று திருவருகைக் காலம் பிறக்கிறது. அது நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் வரும். திருவழிபாட்டு ஆண்டுக்கு அதுவே முதல் நாள். சனவரி முதல் தேதிக்கு ஒரு மாதம் முன்பே கத்தோலிக்கருக்குப் புத்தாண்டு பிறந்துவிடுகிறது. ஆரவாரம் இல்லாத புத்தாண்டு அது. பீடத்தில் ஊதா நிறம். ஞாயிறு பூசையிலும் வானவர் கீதம் பாடப்படுவதில்லை. அது கிறிஸ்து பிறப்பு இரவுக்கென்று காத்து வைக்கப்படுகிறது. மூன்றாம் ஞாயிறு மட்டும் மகிழ்ச்சியின் அடையாளமாக ரோசா நிறம். டிசம்பர் 17 முதல் 24 வரை வழிபாடு முழுவதும் பிறப்பை நோக்கியே திரும்பிவிடுகிறது. தவக்காலத்தைப் போல இது கடும் ஒறுத்தலின் காலம் அல்ல. காத்திருக்கும் காலம், வீட்டையும் மனத்தையும் ஒழுங்கு செய்யும் காலம்.

கடைவீதி இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றிவிட்டது. டிசம்பர் முதல் தேதியிலேயே கொண்டாட்டம் தொடங்கி, 25-ந் தேதி இரவோடு விளக்குகள் அணைந்துவிடுகின்றன. உண்மையில் கிறிஸ்து பிறப்புக் காலம் 24-ந் தேதி மாலையில்தான் தொடங்குகிறது. எட்டாம் நாளான சனவரி 1 அன்னை மரியா இறைவனின் தாய் என்ற பெருவிழா. அதன் பிறகு மூன்று அரசர் திருநாள். ஆண்டவருடைய திருமுழுக்கு விழா வரைக்கும் கிறிஸ்துமஸ் காலமே. இது வெறும் சாத்திர நுணுக்கம் அல்ல. ஷிப்டு வேலைக்காரருக்கு இது பெரிய ஆறுதல். 25-ந் தேதி வேலைக்குப் போக நேர்ந்த தந்தை, 27-ந் தேதியோ சனவரி 1-ந் தேதியோ தன் பிள்ளைகளுடன் உட்கார்ந்து சாப்பிட்டால் அது பழைய பண்டிகை ஆகிவிடாது. அன்றும் திருநாள்தான். அந்தக் குழந்தைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

முன்னால் உள்ள நான்கு வாரங்களுக்கு வருவோம். இவற்றை வீட்டில் அனுசரிக்கப் பெரிய வீடு தேவையில்லை, பணமும் தேவையில்லை. நான்கு மெழுகுவர்த்திகளை வட்டமாக வைத்து, வாரத்துக்கு ஒன்றாகக் கூட்டி ஏற்றும் வழக்கம் இன்று பல கோவில்களில் காணப்படுகிறது. மூன்று ஊதா, ஒன்று ரோசா. இந்த வழக்கம் பிறந்த கதை பலருக்குத் தெரியாது. 1839-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் விக்கர்ன் என்ற லூத்தரன் சபைப் போதகர் ஏழைச் சிறுவர்களுக்காக ஒரு இல்லம் நடத்தி வந்தார். கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று நாள்தோறும் நச்சரித்த பிள்ளைகளுக்காக, ஒரு பழைய வண்டிச் சக்கரத்தின் மேல் மெழுகுவர்த்திகளை வைத்து, நாளுக்கு ஒன்றாக ஏற்றிக் காட்டினார். பிற்காலத்தில் கத்தோலிக்கரும் அதை ஏற்றுக்கொண்டனர். ஏழைக் குழந்தைகளுக்காக, கையில் கிடைத்த சக்கரத்தில் தொடங்கிய ஒன்றை, இன்று அலங்காரக் கடையில் விலை கொடுத்து வாங்கினால்தான் ஆயிற்று என்று நினைப்பது வேடிக்கை. ஒரு எவர்சில்வர் தட்டு, அதில் கொஞ்சம் தண்ணீர், நான்கு சாதாரண மெழுகுவர்த்திகள், சுற்றிலும் சில பச்சை இலைகள் போதும். சமையலும் படுக்கையும் ஒரே அறையில் உள்ள வீடுகளில் அந்தத் தண்ணீர் மிகவும் அவசியம். திரைச்சீலைக்கும் காஸ் சிலிண்டருக்கும் தள்ளி வைத்து, செபம் முடிந்ததும் அணைத்துவிட வேண்டும்.

விளக்கு ஏற்றியாயிற்று, அடுத்தது என்ன? இங்கேதான் வேற்று மாநிலத்தில் வாழும் குடும்பத்தின் உண்மையான பிரச்சினை வருகிறது. பாட்டி ஊரில் இருக்கிறாள். அவளுக்கு மனப்பாடமாக இருந்த செபங்கள் அவளோடு இருக்கின்றன. தாய்க்கு அவற்றில் பாதி தெரியும். பிள்ளை ஆங்கிலப் பள்ளியில் படிக்கிறது, கன்னடமும் எழுதுகிறது. தமிழ் பேசும், படிக்காது. "அருள் நிறைந்த மரியே" என்று தாய் தொடங்கினால் பிள்ளை வாயை மட்டும் அசைக்கிறது. இன்னும் பத்து ஆண்டுகளில் அந்த வீட்டில் எந்த மொழியில் செபம் நடக்கும்? நடக்குமா என்பதே கேள்வி.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் 80 வசனங்கள் உள்ளன. இரண்டாம் அதிகாரத்தில், குழந்தையைக் கண்ட இடையர்கள் கடவுளைப் புகழ்ந்துகொண்டு திரும்பிப் போகும் இடம் வரை 20 வசனங்கள். ஆக மொத்தம் 100. டிசம்பர் 1 முதல் 25 வரை நாளொன்றுக்கு நான்கு வசனம் படித்தால் கிறிஸ்து பிறப்பின் வரலாறு முழுவதும் முடிந்துவிடும். 21-ந் தேதி குடிக்கணக்கு எடுக்கும் கட்டளை வரும். 24-ந் தேதி இடையர்கள் பெத்லகேமுக்கு விரைந்து போவார்கள். 25-ந் தேதி மகிழ்ச்சியோடு திரும்புவார்கள். 1995-ல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பின் தமிழ் எளிமையானது. எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கும் நான்கு வசனத்துக்கு ஐந்து நிமிடம் போதும். முதல் வாரத்தில் தடுமாறும் பிள்ளை நான்காம் வாரத்தில் சரளமாகப் படிப்பதைப் பெற்றோர் கண்ணால் காணலாம். தனிப் பயிற்சிக்குச் சம்பளம் கொடுக்காமலே அந்த வீட்டில் ஒரு பிள்ளை தமிழ் படித்திருக்கும்.

இதில் ஒரு பழைய தொடர்ச்சியும் இருக்கிறது. 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார், செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, தாமும் மனப்பாடம் செய்து, தெருவில் மணி அடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக் கொடுத்தார். அவர் திருநாளான டிசம்பர் 3 திருவருகைக் காலத்தையொட்டியே வருகிறது. அவர் வழியில் வந்த ஹென்றிக்கஸ் அடிகளார் தமிழில் ஆக்கிய 'தம்பிரான் வணக்கம்' 1578 அக்டோபர் 20-ல் அச்சேறியது. 16 பக்கமே கொண்ட அந்தச் செப, போதனைச் சிறுநூல்தான் இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல். அது அச்சான இடம் கொல்லம். அதாவது, இன்றைய தமிழ்நாட்டுக்கு வெளியே! திருப்பலியைத் தாய்மொழியில் நிறைவேற்ற வழி திறந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் வழிபாட்டு ஏடு வெளியானதும் 1963 டிசம்பர் 4, அதுவும் ஒரு திருவருகைக் காலத்தில். பீடத்துக்கு லத்தீன் மொழி இருந்த நூற்றாண்டுகளில் எல்லாம் தமிழைக் காப்பாற்றி வைத்திருந்தது வீட்டுச் செபம். இன்று பீடத்தில் தமிழ் இருக்கிறது; வீட்டில் நழுவுகிறது என்றால் அது வருந்தத்தக்கது.

தமிழில் செபிப்பது கன்னடத்துக்கு எதிரானது என்று எவரும் கருதத் தேவையில்லை. உழைத்துப் பிழைக்கும் ஊரின் மொழியைப் பிள்ளைகள் நன்றாகக் கற்க வேண்டும். கடையிலும் பள்ளியிலும் அலுவலகத்திலும் அதில் மரியாதையாகப் பேச வேண்டும். கோவிலில் எந்த மொழிக்கு எத்தனை பூசை என்ற பூசல்கள் கர்நாடகத்தில் கத்தோலிக்கரின் மனத்தைப் பலமுறை புண்படுத்தியிருக்கின்றன. வீட்டு விளக்கின் முன் அந்தப் பூசலுக்கு இடமே இல்லை. அங்கே தாய் பேசும் மொழிதான் வழிபாட்டு மொழி. குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று 1964-ல் அதே சங்கம் அழைத்ததற்கு இந்த ஊரில் இப்படியும் ஒரு பொருள் உண்டு.

அடுத்தது குடில். புனித பிரான்சிஸ் அசிசியார் 1223-ல் இத்தாலியில் கிரேச்சோ என்ற சிற்றூரில் ஒரு தீவனத் தொட்டி, வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை ஆகியவற்றைக் கொண்டு முதல் குடிலை அமைத்தார். அங்கே விலையுயர்ந்த சுரூபம் எதுவும் இல்லை. இன்றும் அட்டைப் பெட்டியும் வைக்கோலும் களிமண்ணும் போதும். டிசம்பர் நடுவில் ஒரு தட்டில் கேழ்வரகோ கடுகோ விதைத்துத் தண்ணீர் தெளித்து வந்தால், திருநாளுக்குள் குடிலைச் சுற்றிப் பசும்புல் தயார். தீவனத் தொட்டி மட்டும் 24-ந் தேதி இரவு வரை காலியாக இருக்க வேண்டும். ஒரு நற்செயலுக்கு ஒரு வைக்கோல் என்று பிள்ளைகள் அதை நிரப்பும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. தம்பியை அடிக்காமல் விட்டதற்கு ஒன்று, பக்கத்து வீட்டுப் பாட்டிக்குத் தண்ணீர்க் குடம் தூக்கிக் கொடுத்ததற்கு ஒன்று. குழந்தை இயேசுவுக்கு மெத்தை வேண்டுமென்றால் வேலை செய்தாக வேண்டும் என்பது எந்தப் பிள்ளைக்கும் எளிதில் புரிந்துவிடும்.

செலவைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். போனஸ் பெரும்பாலும் ஆயுத பூசை, தீபாவளியையொட்டி வந்து, டிசம்பருக்குள் கரைந்துவிடுகிறது. பிள்ளைகளுக்குப் புதுத்துணி, பெரியவர்களுக்குப் பலகாரம், ஊருக்கு மணியார்டர் அனுப்பிய காலம் போய்க் கைபேசியில் பணம் அனுப்பும் காலம் வந்தாலும், அனுப்பும் கடமை போகவில்லை. கடைசி வாரத்தில் வட்டிக்கு வாங்கி, அல்லது சீட்டைத் தள்ளி எடுத்து, கிறிஸ்துமஸ் நடத்திய குடும்பம் ஏப்ரலில் பள்ளிக் கட்டணத்துக்குத் திண்டாடுவதைக் காண்கிறோம். நான்கு வாரம் இருப்பதன் நன்மை இதிலும் உண்டு. முதல் ஞாயிறன்று கணவனும் மனைவியும் உட்கார்ந்து, இவ்வளவுதான் நம்மால் முடியும் என்று ஒரு தாளில் எழுதிவிட வேண்டும். துணி ஒரு வாரம், மாவு அரைப்பது ஒரு வாரம், ஊருக்கு அனுப்புவது ஒரு வாரம் என்று பிரித்துக்கொண்டால் கடைசி நேரக் கடனும் இல்லை. கடைசி நேரச் சண்டையும் இல்லை. தொழுவத்தில் பிறந்தவரின் திருநாளுக்கு வட்டி கட்டுவது அவருக்கும் பெருமை அல்ல. குடும்பத்துக்கும் நன்மை அல்ல.

முறுக்கும் அதிரசமும் கலகலாவும் சுடுவது பெண்களின் வேலை என்று ஒதுக்கிவிட்டு, ஆண்கள் நட்சத்திரம் கட்டுவதோடு நின்றுவிடுவதும் சரியல்ல. மனைவியும் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் நாள் முழுவதும் தைத்துவிட்டுத்தான் வருகிறாள். அவள் அடுப்படியில் நின்றபடி செபம் கேட்பது காத்திருப்பு ஆகாது, களைப்பு. மாவு பிசைய ஒருவர், உழக்கு பிழிய ஒருவர் என்று வீடே சேர்ந்து செய்தால் அந்த மாலைகளும் திருநாளின் பகுதி ஆகும். சுட்ட பலகாரத்தில் முதல் தட்டு, சுவருக்கு அப்பால் குடியிருக்கும் கன்னடக் குடும்பத்துக்கும் முஸ்லிம் குடும்பத்துக்கும் போக வேண்டும். ரம்சானுக்கும் யுகாதிக்கும் அவர்கள் அனுப்பிய தட்டு வெறும் தட்டாகத் திரும்புவது தமிழர் வழக்கம் அல்லவே.

"இதற்கெல்லாம் நேரம் ஏது?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. 2001 பிப்ரவரி 28-ல் கோலார் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருவில் வேலை பார்த்து, இருட்டிய பின் வீடு திரும்பும் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் ஒரு மணி நேரம் செபியுங்கள் என்று சொல்வது இரக்கமற்ற பேச்சு. கேட்பது ஒரு மணி நேரம் அல்ல. விளக்கு ஏற்றி, நான்கு வசனம் படித்து, ஒரு அருள் நிறை மந்திரம் சொல்லி முடிக்கப் பத்து நிமிடம். தந்தை வரத் தாமதமானால் பிள்ளைகள் தொடங்கட்டும். இரவு ஷிப்டு என்றால் காலையில் செய்யட்டும். ஒரு நாள் தவறினால் மறுநாள் எட்டு வசனம். சட்டமாக நினைத்தால் சுமை. பழக்கமாக ஆகிவிட்டால் விட மனம் வராது.

குடும்பமே இல்லாமல் தனி அறைகளில் தங்கியிருக்கும் இளைஞர்களை மறக்கக் கூடாது. கட்டட வேலைக்கும், கிடங்கு வேலைக்கும், முதல் உத்தியோகத்துக்கும் வந்தவர்கள் அவர்கள். டிசம்பர் 24 இரவு மற்றவர்கள் எல்லாம் புதுத்துணியில் கோவிலுக்குப் போக, அறையில் தனியே படுத்திருப்பது எப்படிப்பட்டது என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். விளக்கின் முன் உட்கார இன்னும் ஒருவருக்கு எந்த வீட்டிலும் இடம் உண்டு. ஒரு ஞாயிறு மாலை, "வாப்பா தம்பி, இங்கேயே சாப்பிடலாம்" என்று அழைத்துவிட்டால் அவனுக்கு இந்த ஊரில் ஒரு அண்ணி கிடைத்துவிடுவாள். பண்டிகை நாளில் அழைப்பதைவிட, முந்திய வாரங்களிலேயே அழைப்பது மேல். அன்று அவன் விருந்தாளியாக அல்ல, வீட்டுப் பிள்ளையாக வருவான்.

மற்றவர்களுக்கும் பொறுப்பு இருக்கிறது. 24-ந் தேதி மாலையில் கிறிஸ்தவத் தொழிலாளர்களை இரண்டு மணி நேரம் முன்னதாக அனுப்பினால் எந்த நிறுவனமும் நஷ்டப்பட்டுவிடாது. மற்ற மதத்து நண்பர்கள் அன்று ஷிப்டை மாற்றிக்கொள்வதும், அவர்கள் பண்டிகையில் இவர்கள் மாற்றிக்கொள்வதும் பல தொழிற்கூடங்களில் உள்ள நல்ல வழக்கம்; அது வளர வேண்டும். பண்டிகை ரயில்களை இடம் எல்லாம் தீர்ந்த பிறகு அல்ல, முன்பதிவு தொடங்கும்போதே ரயில்வே அறிவிக்க வேண்டும். பங்குத் தந்தையர், வேலை முடிந்து வருவோருக்கு ஏற்ற நேரத்தில் திருவருகைக் காலத் தியானத்தையும் ஒப்புரவு அருட்சாதனத்தையும் தமிழில் ஏற்பாடு செய்தால் பலர் பயன் பெறுவார்கள். ஆனால் இவை எல்லாம் கிடைக்கும் வரை வீட்டு விளக்கு காத்திருக்கத் தேவையில்லை.

21-ந் தேதி படிக்க வேண்டிய அந்த நான்கு வசனங்களை இன்னொரு முறை எண்ணிப் பார்ப்பது நல்லது. பேரரசனின் கட்டளைப்படி ஒவ்வொருவரும் பெயரைப் பதிவு செய்யத் தத்தம் ஊருக்குப் போகிறார்கள். நாசரேத்தில் தச்சு வேலை செய்து பிழைத்த சூசையப்பரும், நிறைமாதக் கர்ப்பிணியான மரியாளும் பூர்வீக ஊருக்குப் பயணம் போகிறார்கள். பூர்வீக ஊரில் அவர்களுக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. கிடைத்த இடத்தில், தீவனத் தொட்டியைத் தொட்டிலாக்கிக் கொண்டார்கள். உலகம் இன்றுவரை கொண்டாடும் திருநாள் அங்கேதான் பிறந்தது. சொந்த ஊரை விட்டு வந்து, வாடகை அறையில் குடித்தனம் நடத்தும் தமிழ்க் குடும்பத்துக்கு இந்த வரலாற்றை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அது அவர்களுடைய கதையே.

ஆகவே, ஊருக்குப் போக முடிந்தவர்கள் மகிழ்ச்சியோடு போய் வரட்டும். முடியாதவர்கள், பண்டிகை தங்களுக்கு இல்லை என்று எண்ண வேண்டாம். முதல் ஞாயிறு மாலை, ஒரு தட்டில் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி, பிள்ளையின் கையில் புத்தகத்தைக் கொடுக்கட்டும். பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் பிள்ளை வேறொரு ஊரில், வேறொரு வாடகை வீட்டில், தன் பிள்ளைக்கு அதே விளக்கை ஏற்றும்போது, ஊர் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு அதனிடம் ஒரு பதில் இருக்கும்.